காய்ச்சலுக்கும் முகவரி வேண்டும்

மழை தொடங்கிவிட்டால், தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் நான் நடத்தும் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. “தனியார் ஆஸ்பத்திரியில எல்லாரையும் டெங்குன்னு படுக்க வெச்சிருக்காங்க, பேப்பர்ல பார்த்தா மாவட்டத்துக்கே நாலஞ்சு பேருக்குத்தான்னு போட்டிருக்கு. மறைக்கிறாங்களா சார்?” கேட்பவரின் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, எண்ணிக்கை குறைவாகத் தெரிவதையே சாதனையாகக் காட்ட விரும்பும் அலுவலர்கள் எந்தத் துறையிலும் இருப்பார்கள். ஆனால் இந்த இடைவெளியின் பெரும்பகுதிக்குக் காரணம் வேறு. ஒரு காய்ச்சல் மருத்துவரின் சீட்டிலிருந்தும் எங்கள் முடிவுத்தாளிலிருந்தும் புறப்பட்டு, அரசின் கணக்கில் ஒரு நோயாளியாகப் பதிவாகும் வரை யார் யார் கைக்கு மாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அது விளங்கும். பல ஆண்டுகளாக அந்த வேலையின் ஒரு மூலையில் இருப்பவன் என்ற முறையில் அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் டெங்குவையே எடுத்துக்கொள்வோம். சிறிய ஊர்களில் உள்ள பரிசோதனை நிலையங்களில் பெரும்பாலும் செய்யப்படுவது கார்டு டெஸ்ட். ஒரு பட்டையில் சில துளி சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தெளிநீர்) விட்டால் கால் மணி, இருபது நிமிடத்தில் கோடு தெரிந்துவிடும்; மருத்துவரும் அதை வைத்துச் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். ஆனால் தேசிய அளவில் வகுக்கப்பட்ட நெறிமுறைப்படி, கார்டில் பாசிட்டிவ் என்று வருபவர் ‘டெங்குவாக இருக்கக்கூடியவர்’ மட்டுமே. காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 எலைசா, அதற்குப் பிறகு என்றால் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா என்று, எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனை முறையில் உறுதியானால்தான் அவர் ‘உறுதி செய்யப்பட்டவர்’ ஆவார். எலைசாவுக்கு இயந்திரம் வேண்டும், ஒரே நேரத்தில் பல மாதிரிகள் சேர வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஆகவே அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெரிய ஆய்வகங்களிலும்தான் நடக்கும். பாலக்கோட்டில் கார்டு பாசிட்டிவ் ஆன ஒருவரின் இரத்த மாதிரி தருமபுரிக்கு அனுப்பப்படாமலே அவர் குணமாகி வீடு திரும்பிவிட்டால், அவர் வார்டில் டெங்கு நோயாளியாக இருந்தார், பேப்பரில் டெங்கு நோயாளியாக வரவில்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

அப்படியானால் கார்டு முடிவை எதற்கு அரசுக்குச் சொல்ல வேண்டும், உறுதியானவர்களைப் பற்றி மட்டும் சொன்னால் போதாதா என்று சில மருத்துவர்களே கேட்பதுண்டு. இங்கேதான் அடிப்படையான ஒரு புரிதல் தவறிப்போகிறது. நோய்த் தகவல் என்பது ஆண்டு இறுதியில் கூட்டிப் பார்க்கும் கணக்குக்காக மட்டும் கேட்கப்படுவதில்லை; அந்த நோயாளி இருக்கும் தெருவில் நாளைக் காலை ஒருவர் போய் நிற்பதற்காகக் கேட்கப்படுகிறது. ஏடிஸ் கொசுவின் முட்டை பொரிந்து, புழுவாகி, பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அது பிறந்த தொட்டியை விட்டு வெகு தூரம் போவதும் இல்லை. சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர நான்கு முதல் பத்து நாள். ஆக, ஒருவர் எங்களிடம் வந்து இரத்தம் கொடுக்கும்போதே அவர் வீட்டுப் பக்கத்தில் அடுத்த தலைமுறைக் கொசு தயாராகிக்கொண்டிருக்கிறது. மாதிரியைத் தருமபுரிக்கு அனுப்பி, எலைசா தட்டு நிரம்பக் காத்திருந்து, முடிவு வந்த பிறகு சொன்னால், சொல்லப்படும் செய்தி உண்மையாக இருக்கும், பயன்தான் இருக்காது. சந்தேகத்தின் நிலையிலேயே தகவல் போய்விட வேண்டும், உறுதிப்படுத்துவது பின்னால் நடக்கட்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

இது இன்று நேற்று வந்த கடமையும் இல்லை. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அவசரமாக இயற்றப்பட்ட 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தைப் பற்றிக் கொரோனா காலத்தில் எல்லாரும் பேசினார்கள். தமிழ்நாட்டுக்கு அதைவிட விரிவான ஒரு சட்டம் 1939 முதலே இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் பொதுச் சுகாதாரச் சட்டம் அது. இன்றும் அதுதான் நடைமுறையில் உள்ளது. அறிவிக்கப்பட்ட நோய் ஒன்று தன் கவனத்துக்கு வந்தால் மருத்துவர் காலம் தாழ்த்தாமல் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மருத்துவரோடு நிற்கவில்லை. தொழிற்சாலையின் மேலாளர், தங்கும் விடுதி நடத்துபவர், குடும்பத்தின் தலைவர் ஆகியோருக்கும் தங்கள் பொறுப்பில் உள்ள இடத்தில் தொற்றுநோய் இருப்பதாகத் தெரிந்தால் தகவல் சொல்லும் பொறுப்பை அது வைத்திருக்கிறது. ஓசூர் சிப்காட்டைச் சுற்றி ஒரே அறையில் பலர் தங்கி வேலைக்குப் போய்வரும் விடுதிகளைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பிரிவை எழுதியவர்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று தோன்றும். அந்த விடுதிகளை நடத்துகிறவர்களில் இப்படி ஒரு கடமை தங்களுக்கு இருப்பதை அறிந்தவர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இன்றைய ஏற்பாடு 2004-இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்திலிருந்து வருகிறது. அதில் மூன்று படிவங்கள். கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போகும்போது காய்ச்சல், காய்ச்சலோடு தடிப்பு, வயிற்றுப்போக்கு என்று அறிகுறிகளை மட்டும் குறித்துக்கொள்வது எஸ் படிவம். மருத்துவர் நோயாளியைப் பார்த்து இன்ன நோயாக இருக்கலாம் என்று எழுதுவது பி படிவம். ஆய்வகம் தன் முடிவைத் தருவது எல் படிவம். எங்கள் பங்கு இதுதான். ஆரம்பத்தில் இவை தாளில் நிரப்பப்பட்டு, திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வாரக் கணக்காக மாவட்டத்துக்குப் போயின. எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் போகும். யார், எங்கே என்பது போகாது. வாரம் முடிந்து கூட்டி அனுப்பிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவது? 2021 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வந்த ஐ.எச்.ஐ.பி. என்ற இணையத் தளம் இதை மாற்றியது. முன்பு 18 நோய்கள் கண்காணிக்கப்பட்ட இடத்தில் 33 நோய்கள் வந்தன. வாரக் கணக்குப் போய் அன்றாடப் பதிவு வந்தது. எண்ணிக்கைக்குப் பதிலாக ஒவ்வொரு நோயாளியும் வயது, ஊர், கைபேசி எண்ணோடு தனித்தனி வரியாகப் பதிவாகிறார். சுகாதாரத் துறையினர் ‘லைன் லிஸ்ட்’ என்று சொல்வது இதைத்தான்.

பதிவான தகவல் மாவட்ட சுகாதார அலுவலரின் கீழ் இருக்கும் நோய்க் கண்காணிப்புப் பிரிவுக்குத் தெரியும். அங்கே நோய் பரவும் விதத்தை ஆராயும் ஒரு எபிடமியாலஜிஸ்டும் தரவுகளைக் கவனிப்பவரும் இருப்பார்கள். அவர்களிடமிருந்து வட்டார மருத்துவ அலுவலருக்கும், அவரிடமிருந்து அந்தப் பகுதியின் சுகாதார ஆய்வாளருக்கும் செய்தி இறங்கும். ஆய்வாளர் போய் நோயாளியின் வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளில் வேறு யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிப்பார். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் தொட்டிகளைக் கவிழ்ப்பார்கள், கவிழ்க்க முடியாதவற்றில் மருந்து ஊற்றுவார்கள். ஒரே பகுதியில் பலருக்கு ஒரே மாதிரி நோய் தெரிந்தால் விரைவு நடவடிக்கைக் குழு வரும். காலரா, தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) போன்றவற்றுக்கு ஒரே ஒரு நோயாளி போதும். அவற்றுக்குத் தளத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பதில்லை, உடனே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்.

எழுதும்போது நேர்த்தியாகத் தெரியும் இந்த வழி, எங்கள் மாவட்டத்தில் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: முகவரி. தருமபுரிப் பக்கம் தெரிந்தவர்களுக்குக் கொட்டாய் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மக்கள் ஊருக்குள் நெருக்கமாக இல்லாமல் தத்தம் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு நாலு வீடு, ஆறு வீடாக இருப்பார்கள். அந்த இடத்துக்கு ஏதோ ஒரு காலத்தில் இருந்த தாத்தாவின் பெயரோடு கொட்டாய் என்பது சேர்ந்து ஊர்ப்பெயராகிவிடும். ஒரே பெயரில் பாலக்கோடு வட்டத்தில் ஒரு கொட்டாய் இருக்கும், பென்னாகரம் வட்டத்தில் இன்னொன்று இருக்கும். இணையத் தளத்தின் பட்டியலில் இருப்பதோ வருவாய்க் கிராமத்தின் பெயர். பதிவு செய்பவர் பட்டியலில் கிடைத்த பெயரைத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டால், சுகாதார ஆய்வாளர் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமம் முழுக்க விசாரித்துக்கொண்டு அலைவார். ஆதார் அட்டையைப் பார்த்து எழுதுவதும் பல நேரம் உதவுவதில்லை. கல்யாணமாகி வந்த பெண்ணின் அட்டையில் பிறந்த வீட்டு முகவரியே நீண்ட காலம் இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பெங்களூரு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வீட்டுக்கு ஒருவராவது அங்கே கட்டட வேலையிலோ, நிறுவனத்திலோ, கடையிலோ இருப்பார்கள். காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறார் என்பதால். அவரைக் கடித்த கொசு கர்நாடகத்தில். இரத்தம் எடுத்தது பாலக்கோட்டில். முகவரி மாரண்டஅள்ளிக்குப் பக்கத்தில். தமிழ்நாட்டுக் கணக்கில் பாலக்கோடு வட்டாரத்துக்கு ஒரு டெங்கு ஏறும்; கொசு உற்பத்தியான இடத்துக்கு எந்தச் செய்தியும் போகாது. மறுபுறம், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மக்கள் சிகிச்சைக்கே பெங்களூரு மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள்; அங்கே எழுதிக்கொடுக்கும் முகவரி உறவினர் வீட்டுடையதாக இருந்துவிட்டால், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அப்படி ஒரு நோயாளி இருந்ததே தெரியாது. நோய் மாநில எல்லையில் சோதனைச்சாவடி பார்த்து நிற்பதில்லை. அதனால், எங்கே வசிக்கிறீர்கள் என்பதோடு, கடந்த இரண்டு வாரம் எங்கே படுத்து உறங்கினீர்கள் என்பதையும் கேட்டு எழுத வேண்டும். தளத்தில் அதற்கான இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், குறிப்பாகவாவது, தொலைபேசியிலாவது சொல்லிவிடுவது நல்லது.

இந்த எல்லைப் பகுதிக்கு நோய்க் கண்காணிப்பில் ஒரு பழைய வரலாறு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1994-இல் சூரத்தில் பிளேக் என்ற பீதி எழுந்தபோது, அதற்கு முன் இந்தியாவில் ஆய்வகத்தில் உறுதியான கடைசி பிளேக் நோயாளி எங்கே என்று புரட்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பெயர் முல்பாகல், ஆண்டு 1966. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் கிருஷ்ணகிரியிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் மூன்றும் சந்திக்கும் இந்தப் பகுதி எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் வைத்து நெடுங்காலம் கண்காணிக்கப்பட்டது. பூச்சிகள் கடத்தும் நோய்களையும் விலங்குகளிடமிருந்து வரும் நோய்களையும் ஆராயும் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையின் நிறுவனம் சென்னையில் இல்லாமல் ஓசூரில் இருப்பது எங்கள் பக்கத்து ஆட்களில் பலருக்கே தெரியாத செய்தி.

இனி, தனியார் மருத்துவமனைகள் ஏன் சொல்லத் தயங்குகின்றன என்ற கேள்வி. சட்டம் தெரியாது என்பது இப்போது பாதி உண்மைதான். ஒரு நோயாளியின் பெயரை அனுப்பினால் மறுநாள் அதிகாரிகள் வந்து நிற்பார்கள், கோப்புகளைக் கேட்பார்கள், மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் புழு இருந்தால் அபராதம் போடுவார்கள் என்ற பயம் ஒன்று. ‘அந்த ஆஸ்பத்திரியில் டெங்குவாம்’ என்று ஊர் பேசினால் மற்ற நோயாளிகள் வரமாட்டார்கள் என்ற கவலை மற்றொன்று. இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை: எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனையில், டெங்கு என்று எழுதவேண்டாம், ‘வைரஸ் காய்ச்சல், தட்டணுக் குறைவு’ என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டதாக அங்கே வேலை பார்த்தவர் சொன்னார். சொன்னவர் யார், அது எந்த மட்டத்திலிருந்து வந்தது என்று தோண்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் இப்படிச் சொல்லப்படும் ஒரு வாய்மொழி, சட்டத்தை ஆண்டுக்கணக்கில் விளக்கிச் சம்பாதித்த நம்பிக்கையை ஒரே மழைக்காலத்தில் கெடுத்துவிடும். தகவல் அதிகமாக வரும் வட்டாரத்தை நோய் அதிகமான வட்டாரம் என்று கடிந்துகொள்ளும் ஆய்வுக் கூட்டங்கள் இருக்கும்வரை, அந்த வாய்மொழியும் ஏதோ ஒரு வடிவில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

அந்த மனப்பான்மைக்கு நேர் எதிரான முறை ஒன்று நம் நாட்டிலேயே நடைமுறையில் இருக்கிறது, போலியோக் கண்காணிப்பு. 15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கையோ காலோ திடீரென்று தளர்ந்துபோனால், அது போலியோவாக இருக்காது என்று மருத்துவருக்கே நன்றாகத் தெரிந்தாலும் தகவல் சொல்லியாக வேண்டும். தளர்ச்சி தொடங்கிய 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுத்துக் குளிரூட்டிய பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தமிழ்நாட்டு மாதிரிகளுக்குக் கிண்டியில் உள்ள கிங் நிலையம். போலியோ அல்லாத காரணங்களால்கூட 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்காவது இத்தகைய தளர்ச்சி வரும் என்பது உலக அளவிலான கணக்கு. ஆகவே தளர்ச்சியே இல்லை என்று ஒரு மாவட்டம் சொன்னால், அங்கே நோய் இல்லை என்று பாராட்டமாட்டார்கள். அங்கே யாரும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். நோயாளி யாரும் வராத வாரத்திலும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்ப வேண்டும். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டதே கடைசி நோயாளி என்று துணிந்து சொல்லவும், 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழைப் பெறவும் முடிந்தது, சொட்டு மருந்தால் மட்டும் இல்லை. இந்த ‘இல்லை’களைத் தவறாமல் எழுதியவர்களாலும்தான். டெங்குவுக்கும் இந்த அளவுகோலை வைத்தால் ஆய்வுக் கூட்டங்களின் பேச்சே மாறிவிடும் என்பது என் கருத்து.

காசநோயின் வழி தனி. 2012 மே 7 முதல் காசநோயைத் தெரிவிப்பது கட்டாயம்; பதிவு செய்யும் தளம் நிக்‌ஷய். 2018 மார்ச்சில் வந்த அரசிதழ் அறிவிக்கை மருத்துவர்களோடு ஆய்வகங்களையும் மருந்துக் கடைகளையும் சேர்த்துக்கொண்டது. தெரிவிக்காமல் விட்டால் தொற்றைப் பரப்பும் அலட்சியத்துக்கான குற்றப் பிரிவுகள் பாயலாம் என்றும் சொன்னது. எங்கள் பக்கம் தண்டனைப் பிரிவைக் காட்டி யாரும் பதிவு செய்ய வைக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வேலை செய்தது வேறு. தனியார் மருத்துவர் ஒரு நோயாளியைப் பதிவு செய்தால் 500 ரூபாய், சிகிச்சை முடிவைத் தெரிவித்தால் மேலும் 500 ரூபாய் ஊக்கத்தொகை. நோயாளி தன் மருத்துவரிடமே சிகிச்சையைத் தொடரலாம். ஊட்டச்சத்துக்காக அவர் வங்கிக் கணக்குக்கு மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய் ஆகிவிட்டது. வீட்டில் இருக்கும் குழந்தைகளையும் பெரியவர்களையும் பரிசோதித்துத் தடுப்பு மருந்தும் தருகிறார்கள். பெயரைக் கொடுத்தால் நோயாளிக்கு ஒன்று கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு, பெயரைக் கொடுப்பது காட்டிக்கொடுப்பதாகத் தோன்றுவதில்லை. எச்.ஐ.வி. மட்டும் இந்த வரிசையில் வராது என்பதை எங்களிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுவேன். 2017-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் அந்த விவரத்தின் இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. அதை லைன் லிஸ்டில் எழுதி யாருக்கும் அனுப்புவதற்கில்லை.

டைபாய்டு பற்றி ஒரு சிறு புலம்பல். வைடால் என்ற இரத்தப் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்து பாசிட்டிவ் என்று வந்தவுடன் டைபாய்டு என்று எழுதிவிடும் வழக்கம் எங்கள் பக்கம் மட்டுமில்லை, எங்கும் இருக்கிறது. எப்போதோ வந்துபோன தொற்றிலும்கூட அது பாசிட்டிவ் காட்டும். மருந்து கொடுப்பதற்கு முன் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. அதற்கு நாட்கள் ஆகும், செலவும் கூடுதல் என்பதால் கேட்பவர் குறைவு. எனவே டெங்குவில் உண்மையைவிடக் குறைவாகவும் டைபாய்டில் உண்மையைவிட அதிகமாகவும் எண்ணிக்கை தெரிவதற்கு இடமிருக்கிறது. குடிநீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று தேடுகிறவர்களுக்கு இது உதவாது.

அண்மையில் சேர்ந்த கடமை பாம்புக்கடி. கர்நாடகம் 2024-இன் தொடக்கத்திலேயே செய்ததைத் தமிழ்நாடு அதே ஆண்டு நவம்பரில் செய்தது. பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ்ப் பாம்புக்கடியையும் தெரிவிக்க வேண்டியவற்றில் சேர்த்தது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாத ஒன்றை எதற்கு இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. தோட்டத்தில் தண்ணீர் கட்டப் போகிறவர்களும், தக்காளி பறிக்கிறவர்களும், விறகு எடுக்கிறவர்களும் நிறைந்த இந்த இரு மாவட்டங்களில் அந்தக் கேள்வி எழவேண்டியதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மருத்துவமனைப் பதிவேடுகளைக் கூட்டினால் அதன் பக்கத்தில்கூட வராது. மந்திரிக்கப் போன இடத்தில், வரும் வழியில், வீட்டிலேயே என்று இறந்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பதை அந்தக் குறைந்த எண்ணிக்கையை வைத்து முடிவு செய்தால், தேன்கனிக்கோட்டை மலையோரத்துக்கோ சித்தேரிக்கோ போதுமான மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

பாம்புக்கடியில் ஆய்வகத்தின் பங்கு மிக எளிமையானது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் வகையின் விஷம் இரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் இந்தச் சோதனை தவறான முடிவைக் காட்டும். இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். பதிவு செய்வதற்கும் வேண்டியது கடித்த நேரம், இடம், வந்த நேரம், கொடுத்த மருந்து. இங்கேயும் வீட்டு முகவரியைவிடக் கடித்த இடம் முக்கியம். காரிமங்கலத்துக்காரரை அரூர்ப் பக்கத்தில் கடித்திருந்தால், மருந்து இருப்பு வைக்க வேண்டியது அரூர்ப் பக்கத்தில்.

இவ்வளவையும் செய்கிறவர்களுக்குத் திரும்பி என்ன வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் வருவதில்லை. ஒரு மருத்துவர் பத்து நோயாளிகளின் விவரங்களை அனுப்புகிறார். அதனால் எந்தத் தெருவில் என்ன கிடைத்தது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. பதினோராவது விவரத்தை அனுப்ப அவருக்குச் சோர்வாக இருப்பதில் வியப்பில்லை. எங்கள் பகுதிக்கு முன்பு இருந்த ஒரு சுகாதார ஆய்வாளர் அப்படி இருக்கவில்லை. நாங்கள் அனுப்பிய முகவரிக்குப் போய்விட்டு வந்து, “நீங்க சொன்ன கொட்டாயில பக்கத்து வீட்டுக்காரங்க பழைய டயர்ல தண்ணி விட்டு வெச்சிருந்தாங்க, அத்தனையும் புழு. அங்க இன்னும் ரெண்டு பேருக்குக் காய்ச்சல், வரச் சொல்லியிருக்கேன்” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அதற்கு அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், வருகிறவர்களிடம் கொட்டாயின் பெயரோடு அது எந்த ஊராட்சி, பக்கத்தில் எந்தக் கோயில், எந்த எண்ணுக்கு அழைத்தால் எடுப்பீர்கள் என்று விடாமல் கேட்க ஆரம்பித்தது அந்த அழைப்புகளுக்குப் பிறகுதான்.

இதைப் படிக்கும் சிறிய மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் இன்னும் ஐ.எச்.ஐ.பி. தளத்தில் சேராமல் இருந்தால், மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்தில் உள்ள நோய்க் கண்காணிப்புப் பிரிவை அணுகினால் பயனர் கணக்கு உருவாக்கித் தருவார்கள். பெரிய கணினியெல்லாம் தேவையில்லை. கணக்குக் கிடைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலருடைய எண்ணையும் சுகாதார ஆய்வாளருடைய எண்ணையும் மேசையில் ஒட்டிவைத்துக்கொண்டு, காய்ச்சலோடு தடிப்பு, தொண்டையில் வெண்படலம், கழுவிய அரிசித் தண்ணீர் போன்ற வயிற்றுப்போக்கு, குழந்தையின் கால் தளர்ச்சி ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும், நோயாளி அறையை விட்டு வெளியே போவதற்கு முன்பே அழைத்துச் சொல்லிவிடலாம்.